பதினாறில் பதினொன்று

விடிகாலை நாலே முக்கால்.
செம்பவாங் தளம், மூன்றாம் ஹேங்கர்.
பலகையின் முன் நான்,
உள்ளங்கையில் காந்த வில்லைகள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.

பதினாறு ஹெலிகாப்டர்கள்.
இன்று பறக்கக்கூடியவை பதினொன்று.
அறுபத்தெட்டே முக்கால் விழுக்காடு என்கிறது கணினி,
அந்த முக்காலைக்கூட விட்டுக்கொடுக்காமல்.
ஆறரை மணிப் பயிற்சிக்கு மேலிடம் கேட்பது
எழுபத்தைந்து.
இடையில் நிற்பது ஒரே ஒரு எந்திரம்,
வால் எண் இருநூற்றேழு.

அதற்கு நோய் ஒன்றுமில்லை.
எண்ணெய் புதிது. விசிறிகள் சமன்.
நேற்றிரவு ஓட்டிப் பார்த்தோம்,
நடுக்கம் வரம்புக்குள்.
ஹைருலின் கருவிப்பெட்டியில் மட்டும்
எட்டு மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கு வெட்டிய குழி
காலி.

சுண்டுவிரல் நுனியளவு இரும்பு.
உள்ளே எங்கோ அது உருண்டு கிடந்து
கட்டுப்பாட்டுத் தண்டின் கீழ் போய் உட்கார்ந்தால்
நான்கு பேர்
ஜொகூர் நீரிணையில்.

மேஜர் தியோ தொலைபேசியில்.
குரலில் கோபமில்லை, அதுதான் கஷ்டம்.
"மங்கள்," என்றார்
(மங்களேஸ்வரி என்று முழுதாய்க் கூப்பிட
இங்கே யாருக்கும் நேரமில்லை),
"தரையில் எங்காவது விழுந்திருக்கும், இல்லையா?"
இருக்கலாம் சார்.
"அப்படியென்றால்?"
அப்படியென்றால் சிவப்பு, சார்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை.
ஒன்பது வருடம் முன்பு, இதேபோல் ஒரு பயிற்சிக்கு,
யாரோ கேட்டார்கள் என்று
ஒரு மஞ்சளைப் பச்சையாக்கினேன்.
அது பறந்தது. திரும்பியது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததுதான்
இன்றுவரை என் தூக்கத்தில்
தட்டாமல் கதவைத் திறந்து வருகிறது.

தேடினோம்.
வெய் லியாங் தலைகீழாய்த் தொங்கினான் டார்ச்சோடு.
குழாய்க் கேமராவை உள்ளே விட்டு
இருட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் திரையில் பார்த்தோம்.
ஹைருல் முட்டிபோட்டு வடிகால் கம்பிகளுக்குள் விரலை விட்டான்.
வீட்டில் பத்தொன்பது நாள் பிள்ளை.
மூன்று இரவாய் அவனும் தூங்கவில்லை,
அதுவும் தூங்கவில்லை.

ஆறு பத்துக்கு மின்னல் எச்சரிக்கை அலறியது.
எல்லோரும் உள்ளே.
ஓடுதளம் காலி.
வானம் ஒரே போடாய்
பதினாறின் மேலும் சிவப்பை ஒட்டியது.
கணினி அப்போதும்
அறுபத்தெட்டே முக்கால் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.
அதற்கு ஜன்னல் இல்லை.

மழை தகரத்தில் இறங்க, பெஞ்சில் சாய்ந்தோம்.
பிளாஸ்டிக் பையில் ஆறிப்போன கோப்பி ஓ
கைமாறி வந்தது.
முகம் துடைக்கக் கைக்குட்டையை உருவினான் ஹைருல்.
டிங்.
சிமெண்டில் துள்ளி, என் பூட்ஸ் அருகே வந்து நின்றது
எட்டு மில்லிமீட்டர்.

யாரும் சிரிக்கவில்லை.
அதைக் குனிந்து எடுக்க
அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.
எப்போது பைக்குள் போட்டான்,
எந்தக் கையால்,
அவனுக்கே நினைவில்லை.

கண்டெடுத்த நேரம் ஆறு முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
இருநூற்றேழு, பச்சை.
பன்னிரண்டு. எழுபத்தைந்து.
பலகை நான்கு நொடி அழகாக இருந்தது.

பிறகு பக்கத்துப் பலகைக்கு நகர்ந்தேன்,
மேலிடம் அவ்வளவாய் எட்டிப் பார்க்காத
ஆட்கள் பலகைக்கு.
ஹைருல் பெயருக்கு நேராக மஞ்சள்.
"என்னால் முடியும்" என்றான்.
தெரியும், போய்த் தூங்கு.
அவன் இல்லாமல்
பன்னிரண்டாவதை அனுப்பக் குழு இல்லை.
மறுபடி பதினொன்று.

தொலைபேசியை எடுத்தேன்.
கேட்டு முடித்து மேஜர் ஒன்றும் பேசவில்லை.
அவர் பக்கமும் மழை பெய்வது கேட்டது.
"காரணம் என்று என்ன போடுவது?"
ஆள் தயாரில்லை என்று போடுங்கள், சார்.
"அதற்கு ஒரு குறியீடு வேண்டுமே."
இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

யீஷூன் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கின.
எங்கள் இரைச்சலுக்கு அடைத்துவைக்கும் ஜன்னல்களை
இன்று யாரோ திறந்தார்கள்,
மழை பார்க்க.